கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்த கமிட்டி

கம்ப்யூட்டர் வந்த அன்று எங்கள் சங்கத் தலைவர் அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார். நெற்றி எது என்று முதலில் ஒரு சின்னக் குழப்பம். திரைக்கு மேலேயா, கீழே அந்தப் பெட்டிக்கா? கடைசியில் இரண்டுக்கும் வைத்தார்கள். பிறகு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, அறை வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதி ஒட்டினார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கு அதை யாரும் தொடவில்லை.

மலையாள நாட்டில், வலியசாலையில் ஒரு மாடி அறையில் நடந்துவந்த சின்னத் தமிழ்ச் சங்கம் அது. கமிட்டியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ரிட்டயர்டு ஆபீசர்கள். தலைவர் செக்ரட்டேரியட்டில் பெரிய பதவியில் இருந்து இறங்கியவர். ஆபீசை விட்டு வந்தாலும் ஃபைல் அவரை விடவில்லை. தும்மினால்கூட அதற்கு ஒரு நோட் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பவேண்டும் அவருக்கு. அந்தக் கூட்டத்தில் பெண் என்று நான் ஒருத்திதான். இணைச் செயலாளர் என்று பெயர். வேலை என்னவென்றால் கார்டு எழுதுவது.

அந்தக் கார்டு சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சாலைக் கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனுக்கு நான் டீச்சர். ஒன்றாம் வகுப்பு முதல் நாலு வரை ஒரே அறை, ஒரே டீச்சர். பிள்ளைகள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து கொத்து வேலையும் ஓட்டல் வேலையும் பார்க்கிறவர்களுடைய பிள்ளைகள். மார்ச் கடைசியில் பள்ளி அடைத்தால் அத்தனை பேரும் களக்காடு, வள்ளியூர் என்று ஊருக்குப் போய்விடுவார்கள். வைகாசியில் அங்கே கோயில் கொடை. கொடை முடிந்து, கிடா வெட்டின அசதி தீர்ந்து, அவர்கள் பெட்டி கட்டுவதற்குள் இங்கே பள்ளி திறந்துவிடும். அது அப்படியொன்றும் பெரிய தப்பு இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்று பெஞ்சில் இருக்கிற பிள்ளைதான் பிள்ளை. ஏழாம் நாள் பத்துப் பேர் வந்து நின்றாலும் பிரயோஜனம் கிடையாது. தலை குறைந்தால் டிவிஷன் போகும், டீச்சர் வேறு பள்ளிக்குப் போவாள், இருக்கிற பிள்ளைகள் மலையாள டிவிஷனில் போய் உட்காரவேண்டும்.

அதனால் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே நான் கார்டு எழுதி வைத்துக்கொள்வேன். மே பாதியில் தபாலில் போடுவேன். அப்பன் பெயருக்கு எழுதுவதில்லை. பாதி அப்பன்மாருக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளை பெயருக்கே, பெரிய பெரிய எழுத்தில், பிள்ளை உரக்க வாசிக்கிற மாதிரி எழுதுவேன். கார்டு வந்தால் தெருவே கூடி நின்று கேட்குமாம். கேட்டவர்கள், "அங்க டீச்சர் கூப்பிடுதால்லா, கெளம்புங்கடே" என்று விரட்டி அனுப்பிவிடுவார்களாம். எத்தனையோ வருஷம் இப்படித்தான் அந்த டிவிஷன் நின்றது. சங்கம் கார்டு வாங்கித் தரும், நான் எழுதுவேன். சங்கம் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்துத் தலைவரின் மாப்பிள்ளை கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சொல்லித்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே வினையும். தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் என் கார்டுக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன டீச்சர், இன்னும் கார்டு எழுதிண்டிருக்கேளா? லோகம் எங்கேயோ போயிண்டிருக்கு. ஒரு க்ளிக். அத்தனை பேருக்கும் போயிடும்."

"போய்ச் சேருமா சார்?" என்றேன்.

"அதான் சொல்றேனே, போயிடும்."

இனி எல்லா அறிவிப்பும் ஈமெயில் செய்திமடலில்தான் என்று தீர்மானம் போட்டார்கள். எதை வைத்து அனுப்புவது என்று முடிவு செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மாப்பிள்ளை பாவம், நல்ல பிள்ளை. மூன்று வழி எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று, இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு குழு ஆரம்பித்து எல்லோரையும் அதில் சேர்ப்பது. சோதனைக்கு ஒன்று அனுப்பிப் பார்த்ததில் கோயில் உத்சவ அறிவிப்புக்கு அடியில் உடம்பு இளைக்கிற மருந்து விளம்பரம் வந்துவிட்டது. சிவ சிவா என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். சரி, சாதாரண மெயிலிலேயே எல்லா விலாசத்தையும் ஒரே வரியில் போட்டு அனுப்பலாம் என்றார் மாப்பிள்ளை. அங்கேதான் சண்டை. யார் விலாசம் முதலில் வருவது? அகர வரிசை என்றால் பொருளாளர் தலைவருக்கு மேலே போய்விடுகிறார். பதவி வரிசை என்றால் போன தலைவர் இந்தத் தலைவருக்கு மேலேயா கீழேயா? இரண்டு மணி நேரம்! பஜ்ஜி ஆறி, காப்பி இரண்டாம் தடவை வந்தது. யார் கண்ணுக்கும் யார் பெயரும் தெரியாமல் அனுப்ப ஒரு இடம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னது. தன் பெயர் தெரியாத கடிதம் எதற்கு என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஒரு சிடியில் வந்த மென்பொருள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். சுற்றிப் பூவேலை போட்டுக்கொள்ளலாம். மேலே ஒரு குத்துவிளக்கு, அதன் சுடர் ஆடும். ஆனால் அவர்கள் விழுந்தது அதற்கில்லை. அனுப்பி முடித்ததும் அது ஒரு ரிப்போர்ட் கொடுக்கும். இத்தனை அனுப்பியாயிற்று, இத்தனை சேரவில்லை என்று. அதைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கலாம். ஃபைலில் வைக்கலாம் என்று கேட்டதுமே தலைவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே! ஏகமனதாக நிறைவேறியது.

யார் இதை வாசிக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். அது அடுத்த அஜெண்டா என்றார்கள். அந்த அஜெண்டா வரவே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது. பெயர், ஊர், ஈமெயில் விலாசம். பெற்றோர் அத்தனை பேருக்கும் நான் நிரப்பித் தரவேண்டும். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தது.

"காலியா விட்டா சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்கறது டீச்சர். கொஞ்சம் ஒத்துழைக்கப்படாதா?" என்றார் தலைவர்.

சாரத்தில் நின்று சிமெண்ட் பூசுகிறவனுக்கு ஈமெயில் விலாசத்துக்கு நான் எங்கே போவேன்? மூன்றாம் தடவை படிவம் திரும்பி வந்தபோது எனக்கு எங்கிருந்தோ ஒரு எரிச்சல் ஏறியது. பள்ளிக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அந்தக் கடைக்காரனுடைய விலாசத்தை இருபத்தேழு வரியிலும் எழுதிக் கொடுத்தேன். இந்தா, உன் சாஃப்ட்வேருக்குப் பசி அடங்கட்டும் என்று. ஒரு மனுஷனாவது அதைப் பார்த்து, இதென்ன எல்லா வரியும் ஒன்றுபோல இருக்கிறது என்று கேட்டானா? கேட்கவில்லை. கட்டம் நிரம்பியிருந்தது, அவர்களுக்கு அது போதும்.

மே மாதம் ஒரு சுபதினத்தில் மோடம் கிறீச்சென்று கத்த, தலைவர் தம் கையால் க்ளிக் செய்தார். பள்ளி திறக்கும் தேதியும் ஆறாவது நாள் விஷயமும் அதில் இருந்தன, ஏழு பத்தி தலைவர் உரைக்குக் கீழே. பெற்றோர் பட்டியலுக்குத் தனி ரிப்போர்ட் வந்தது. அனுப்பியவை இருபத்தேழு, தவறியவை ஒன்றுமில்லை. தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

என் கைப்பையில் அந்த வருஷத்துக் கார்டு இருபத்தேழும் இருந்தன. தீர்மானம் வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டவை. விலாசம்கூட எழுதியாயிற்று. பெட்டியில் போடவேண்டியதுதான் பாக்கி.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பிரவுசிங் சென்டர்க்காரன் கடைவீதியில் என்னைப் பிடித்துக்கொண்டான். கையில் ஒரு கத்தைத் தாள்.

"டீச்சரே, இது ஏது பாஷயா? இருபத்தேழெண்ணம் வந்நிருக்கு, எல்லாம் ஒண்ணு தன்னே!"

வாங்கிப் பார்த்தேன். குத்துவிளக்கு இருந்தது. அதன் கீழே தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் கோணல் ஆங்கில எழுத்துகள், கேள்விக்குறிகள், காற்புள்ளிகள். சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துரு அவனிடம் இல்லை. அவனிடம் என்ன, ஊரில் யாரிடமும் இருந்திருக்காது. நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு தாளை மடித்துப் பைக்குள் கார்டுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கமிட்டியில் காட்ட.

எங்கள் தெருமுனையில் தபால்பெட்டி இருந்தது. காய்கறி வாங்கப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அன்றைக்குப் போட்டிருந்தால் மூன்றாம் நாள் களக்காட்டில் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கை பைக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் மனசு சொல்லும்: எதற்கு? க்ளிக் செய்தாயிற்றே. ரிப்போர்ட் வந்தாயிற்றே. அவர் மூக்கு ஒருதரம் உடையட்டும். அப்புறம் நான் கார்டை எடுக்கிறேன்.

மழையோடு பள்ளி திறந்தது. ஆறாம் நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் ரெஜிஸ்டரோடு என் வகுப்புக்கு வந்தார். கொடைக்கு ஊருக்குப் போகாதவர்கள், போய்ச் சீக்கிரம் திரும்பியவர்கள் என்று பிள்ளைகள் இருந்தார்கள். அவர் இரண்டு தடவை எண்ணினார். நாலு தலை குறைந்தது.

"பாக்கிக் குட்டிகள் எவிடெ டீச்சரே?"

"ஈமெயில் போயிருக்கு மேடம்" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு எத்தனை ருசி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த வாரமே டிவிஷன் போயிற்று; எனக்கு மாற்றல் உத்தரவு மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறு கமிட்டியில் அந்தத் தாளை மேஜைமேல் விரித்து வைத்தேன். ஒவ்வொருவராகக் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார்கள். தலைவர் ரிப்போர்ட்டை எடுத்து இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "டெலிவர்டுன்னுதானே போட்டிருக்கு..." என்று ஒருமாதிரி குரலில் சொன்னார். நான் காப்பி குடித்தேன். அன்றைக்குச் சங்கத்துக் காப்பி நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் பள்ளி வராந்தாவில் ஒரு கொத்தனாரும் அவருடைய மகளும் நனைந்துபோய் நின்றார்கள். களக்காட்டுக்காரர்கள். அவள் மூன்றாம் வகுப்பு. என் அறையிலேயே அவளைப்போல் வாசிக்கிறவள் கிடையாது. எண்ணெய் வைத்துப் பின்னிய சடையில் கொடைக்கு வாங்கின புது ரிப்பன்.

"டீச்சரே, இந்தத் தடவ கார்டே வரலியே" என்றார் அவர். "வகுப்பு இல்லையாக்கும்னு நெனச்சிட்டோம். இவ கேட்டாதானே! பத்து நாளா போஸ்ட்மேன் சைக்கிளுக்குப் பின்னாலயே ஓடிக்கிட்டுக் கெடந்தா. எனக்கு வரும், எனக்கு வரும்னு. கடைசில இவ அழுகை தாங்காமத்தான் கெளம்பி வந்தோம்."

எனக்கு முகம் வேர்த்தது. கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். ரப்பர் போட்ட கட்டு அதோடு வந்து வராந்தாவில் விழுந்தது. ரப்பர் தெறித்து, கார்டுகள் ஈரத்தில் சிதறின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்றைப் பார்த்ததும் நின்றாள்.

"ஐ! இது எனக்குள்ளதுல்லா!"

அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத்தான் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவள் கார்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஊர்த் தெருவில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பள்ளி திறக்கிறது. கொடை முடிந்ததும் புறப்பட்டு வந்துவிடு. ஆறாம் நாளுக்குள் வரவேண்டும். நீ வந்தால்தான் வகுப்பு.

வாசித்து முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் வந்துட்டேம்லா டீச்சர். அப்போ வகுப்பு உண்டும்லா?"

உண்டு என்றேன். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மூன்றாம் வகுப்பு மலையாள டிவிஷன் வாசலில் விட்டேன். உள்ளே போகும்போதும் அந்தக் கார்டு அவள் கையில்தான் இருந்தது.