வீட்டுக்குப் போன பிறகு

பக்கவாதம் வந்து கை கால் விளங்காமல் போனவர்களுக்குப் பயிற்சி தரும் வார்டில் வேலை பார்க்கும் தெரபிஸ்டை எல்லோரும் 'மார்க் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தலை சீவுங்கள், பட்டன் போடுங்கள், டம்ளரைத் தூக்குங்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி மதிப்பெண் போடுவாள். கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சினால், "சிபாரிசெல்லாம் செல்லாது. உங்க கை வாங்கட்டும்" என்பாள்.

அங்கிருந்து நல்ல மார்க்கோடு வீட்டுக்குப் போனவர்களில் தையல்காரம்மாவும் ஒருவர். வலது தோள்தான் முழுசாக எழும்பவில்லை. சில மாதம் கழித்து நலம் விசாரிக்க அக்கா போன் செய்தபோது அவர் கணவர் எடுத்தார்.

"ராணி மாதிரி இருக்கா மேடம். ஒரு துரும்பை அசைக்க விடறதில்ல!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே கிளம்பிப் போனாள்.

தையல் மிஷின்மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது. தையல்காரம்மாவின் வகிடு கோணல்மாணலாக ஓடியது. சீவிவிட்டது யார் என்று கேட்கவே வேண்டாம். அக்கா சீப்பை நீட்டினாள். அம்மாவின் கை எழும்புவதற்குள் கணவர் வாங்கிக்கொண்டார். டம்ளரை வைத்தாள், அதுவும் அவர் கைக்கே போனது. வார்டில் செய்த எதையும் அம்மா இங்கே செய்வதில்லை. விரல்கள் மறுபடி இறுகத் தொடங்கியிருந்தன.

"ஏன் சார், எல்லாத்தையும் நீங்களே பண்றீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அவ விழுந்தப்போ நான் பக்கத்துல இல்ல மேடம்."

கண்டிக்கத்தான் அக்கா வந்திருந்தாள்.

"இப்போ பக்கத்துலயே இருங்க," என்றாள் மெல்ல. "கை மட்டும் குறுக்க வரக்கூடாது."

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா ஒரு சட்டையை மடியில் விரித்துப் பட்டன் போட ஆரம்பித்தார். முதல் பட்டன் நழுவியது. அடுத்தது தப்பான ஓட்டையில் நுழைந்தது. கணவர் நெளிந்தார், வாயைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க! நீங்க பாத்தாலே கை நடுங்குது!"

அம்மா போட்ட சத்தத்தில் அவர் நிஜமாகவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று விழுந்த மார்க், வார்டில் விழுந்ததில் பாதிகூட இல்லை. அக்காவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளதைத்தான் எழுதினாள்.

அடுத்த மாதம் போனபோது கதவைத் திறந்தது அம்மாதான். தோள் அப்படியேதான் இருந்தது. அது இனி பெரிதாக மாறாது என்று இருவருக்கும் தெரியும். விரல்கள் தளர்ந்திருந்தன. இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்து, கொஞ்சம் சிந்தி, டீ ஊற்றிக் கொடுத்தார்.

"சார் எங்கேம்மா?"

"கடைக்குத் துரத்திவிட்டேன். தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்னு ஒரே அடம்."

டீ ஆறுவதற்குள் அவர் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் வெறும் பை. வாங்கப் போனதை மறந்தே போயிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் அம்மா. "இவரைக் கொஞ்ச நாள் உங்க வார்டுல வச்சுக்கோங்க. பெட் ஏதாவது காலியா இருக்கா?"