திருவாதிரை தெரியுதாப்பா?

எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு நட்சத்திர அட்டை செய்வது என் பொறுப்பாக வந்து சேர்ந்தது. சூட்டை வைத்து ஒரு வரிசை, பிரகாசத்தை வைத்து இன்னொரு வரிசை. அதிகச் சூடானதற்குச் சிவப்பும் சூடு குறைந்ததற்கு நீலமும் பூசினேன். பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர் மெஷினில் வெந்நீர்க் குழாய் சிவப்பு, ஜில் தண்ணீர்க் குழாய் நீலம். வானத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை.

அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி போடும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை. காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதமா இல்லையா என்று சொல்லிவிடுவார். சூடு பார்க்கும் கருவி இருந்தும் மேஸ்திரி முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பாராம். அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர் அட்டையை வாங்கி முகத்தருகே பிடித்துக்கொண்டார்.

"செகப்பா இருந்தா சூடு இன்னும் ஏறலைம்மா. ஏற ஏற மஞ்சளாயி, அப்புறம் வெளுக்கும்."

"அது உன் இரும்பு. இது நட்சத்திரம். உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் டீச்சர், வரிசை தலைகீழாக இருக்கிறது என்றார். சிவப்புதான் சூடு குறைந்ததாம். அதைவிட மஞ்சள், அதைவிட வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே நீலம். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றிருக்கிறேன். அப்பாவிடம் போய்த் தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அன்று விளக்கு வைத்ததும் அவரை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனேன்.

தை மாதம். ஆலைப் புகை கொஞ்சம் விலகியிருந்த கிழக்கில் திருவாதிரை சிவப்பாக நின்றது. சூடு குறைவுதான், ஆனால் அளவில் பூதம், அதனால்தான் இவ்வளவு பிரகாசம் என்று டீச்சர் சொன்னதை ஒப்பித்தேன். தெரிகிறதா என்று கேட்டால், நல்ல சிவப்பு என்றார். அதற்குக் கீழே இருந்த நீலவெள்ளை நட்சத்திரத்தைக் காட்டினேன். அதுவும் தெரிந்தது. எதைக் காட்டினாலும் தெரிந்ததால் எனக்குக் குறும்பு வந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டி, அது எப்படி என்று கேட்டேன்.

"அதான் இருக்கறதுலயே பளிச்சுனு கீது," என்றார்.

சிரித்துக்கொண்டே இறங்கி ஓடி, அப்பா ஏமாந்த கதையை அம்மாவிடம் சொன்னேன். சுவரைத் தடவியபடி படியிறங்கி வந்த அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இதை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒரு விளையாட்டுக்கு இத்தனை பெரிய சத்தியமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

உலையைப் பார்த்துப் பார்த்தே அவர் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகு கண் டாக்டர் சொன்னார். ஆலைக்குத் தெரிந்திருந்தால் அந்த வேலை அப்போதே போயிருக்கும்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தை பிறந்தால் மாடி ஏறுகிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை அவர் பக்கத்தில் நின்று, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட மாட்டேனா என்று ஏக்கமாக இருக்கிறது. அன்று அதைச் சொல்லவில்லை. கண்காட்சி முடிந்ததும், திருத்திய அட்டையை வீட்டுக் கூடத்துச் சுவரில் உயரமாக மாட்டினேன். பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.