மூன்றாவது முறை கேட்காத விருந்தாளி

படிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும்படி கேட்கவில்லை. நான் காட்டுவதைக் கண்கொண்டு பார்த்து, பிற்பாடு யாராவது விசாரித்தால், ஆம், அப்படித்தான் நடந்தது என்று சொன்னால் போதும். கல்லூரிச் சொற்போர்களில் எதிரணியினரிடம் நான் இவ்வளவு பணிவாகப் பேசுபவன் அல்லன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம். கரிப்புகையில் ஓடும் பஸ் அரியலூரிலிருந்து திருமானூருக்குப் போகும் சாலையில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் எங்கள் ஊர். ஊரில் ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளி ஒன்று இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார். மேலே நாட்டு ஓடு, சுற்றிலும் மண்சுவர். பின்சுவர் மட்டும் பல மழைகளைக் குடித்து, வெளிப்புறமாக வயிறு தள்ளி நின்றது. அதிலிருந்த வெடிப்பின் வழியே, பக்கத்துக் கொல்லையில் மேயும் மாட்டின் நிறத்தை உள்ளே உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். வாத்தியார் வெளிப்புறத்தில் ஒரு பனந்துண்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். அதை நம்பித்தான் நாங்கள் படித்தோம். அந்தச் சுவரோரம் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடம். நான்காம் வகுப்பு படித்த என் அக்கா அங்கே உட்காருவாள். நான் மூன்றாம் வகுப்பு.

அந்த ஆண்டு ஆவணியில் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். போர்டு மராமத்துக்கு ஒதுக்கிய தொகை எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பள்ளிக்குத்தான் போதும். எங்கள் பள்ளிக்கா, ஓடைக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய போர்டு அங்கத்தினர் ஒருவர் வருகிறார். எங்களுக்குக் கிடைக்காமல், சுவரும் மழைக்கு விழுந்துவிட்டால், எங்கள் பள்ளியை அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

அம்மா உள்ளிருந்தே பதில் சொன்னாள். "ஓடையத் தாண்டிப் பொட்டப்புள்ளய நான் அனுப்ப மாட்டேங்க. பையன் வேணா போவட்டும்."

அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பேச்சில் பெரிய ஆபத்து ஒன்றும் தெரியவில்லை. ஓடையில் மீன் உண்டு என்பதுதான் எனக்கு நினைவு வந்தது.

வருகிறவருக்கு வரவேற்புரை சொல்ல வாத்தியார் என்னைத் தேர்ந்தெடுத்தார். அறிவுக்காக அல்ல, என் குரல் ஊர் எல்லை வரை கேட்கும் என்பதற்காக. உரையை அமைத்துக் கொடுத்தவள் அக்கா. மாடு கட்டிக் கவலை இறைக்கும் கிணற்றடியில், அந்தச் சத்தத்தை மீறி நான் பேச வேண்டும் என்று கட்டளையிட்டாள்.

"ஏண்டா ஓடறே? ஆரு தொரத்தறா ஒன்னய? 'பெரியோர்களே'ன்னு சொல்லிட்டு நில்லு. நாலு பேரு நிமிந்து பாத்த பெறவு அடுத்ததச் சொல்லு."

இன்றுவரை எந்த மேடையிலும் நான் அப்படித்தான் தொடங்குகிறேன்.

உரையின் கடைசி வரி இது: 'எங்கள் பள்ளியின் பின்சுவர் அடுத்த மழைக்கு நிற்காது, அதைக் கட்டித் தாருங்கள்.' அந்த வரியை மட்டும் அக்கா என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

பெரியப்பா அதைக் கேட்டார். பள்ளிக்கு இடம் கொடுத்தவர் அவர்தான். விருந்தாளியை வரவேற்கும் பொறுப்பும் அவருடையது. தாராள மனம் படைத்தவர். "மத்ததெல்லாம் ஜோரா இருக்குடா. கடைசி வரி மட்டும் வேணாம்" என்றார்.

"அதுதானே பெரியப்பா முக்கியம்?" என்றாள் அக்கா.

"வூட்டுக்கு வந்த மனுசன் செருப்பக் கழட்டறதுக்குள்ள கைய நீட்டறதா? அவரா கேப்பாரு. கேக்கறப்ப நான் சொல்லிக்கறேன்."

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். வந்தவரிடம் மோர் வேண்டுமா என்று கேட்டால், "இப்பத்தாங்க குடிச்சிட்டு வரேன்" என்பார். மறுபடி கேட்டால், "எதுக்குங்க சிரமம்" என்பார். மூன்றாவது முறை கேட்டால்தான், "சரி, ஒரு வாய் குடுங்க" என்று சொம்பை வாங்குவார். முதல் கேள்வியிலேயே வாங்குகிறவன் பெருந்தீனிக்காரன். மூன்றாவது முறை கேட்காதவன் கஞ்சன். சம்பந்தம் பேசுவதும் நிலம் கிரயம் பேசுவதும் இந்த ஒழுங்கில்தான் நடந்தன. எவரும் இதைக் கற்பித்ததில்லை, எவரும் தவறியதுமில்லை.

அங்கத்தினர் வருவதற்கு முதல் நாள் ஊரே பள்ளியில் கூடியது. சுண்ணாம்புக்கு எங்கள் மண்ணில் பஞ்சமில்லை. கல்லை வெட்டிச் சுட்டால் போதும். பெரியப்பா சூளையிலிருந்து வண்டி நிறையக் கொண்டுவந்தார். வெடிப்பில் களிமண்ணை அடைத்து, அதன்மேல் கண் கூசும்படி வெள்ளையடித்தார்கள். பிறகு பெரியப்பாவின் பார்வை பனந்துண்டின்மேல் விழுந்தது.

"இதென்ன, சுவத்துக்குக் கோலு குடுத்தாப்பல? எடுங்க அத."

"முட்ட எடுத்தா சுவரு நிக்காதுங்க" என்றார் வாத்தியார்.

"ஒரு நாளைக்குக் கூடவா நிக்காது? வாழ மரத்தக் கட்டுங்க வாத்தியாரே, பாக்க லட்சணமா இருக்கும்."

அங்கத்தினர் மறுநாள் பெரியப்பா அனுப்பிய வில்வண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான டவுன்காரர், வெயிலில் களைத்திருந்தார். "மோர் சாப்பிடறீங்களா?" என்று பெரியப்பா கேட்டு வாய் மூடுமுன், "குடுங்க, குடுங்க" என்று கையை நீட்டினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பெரியப்பாவும் ஒரு கணம் திகைத்தார். பாவம், தாகம் போலும் என்று அதை மன்னித்துவிட்டார்.

நான் பேசினேன். 'பெரியோர்களே' என்று சொல்லி நின்றேன்; எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசி வரிக்கு முந்திய வரியில் முடித்து வணங்கினேன். கைதட்டல் ஓடுகளை அசைத்தது. பெண்பிள்ளைகளின் வரிசையில் அக்கா மட்டும் தட்டவில்லை. அவளுடைய உதடுகள் எதையோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தன.

அங்கத்தினர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பிக் கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது குறை உண்டுங்களா?"

பெரியப்பா கைகூப்பினார். "ஒங்க தயவுல ஒரு குறையும் இல்லைங்க."

"மராமத்து, கிராமத்துன்னு ஏதாச்சும்? கூச்சப்படாம சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குங்க ஒங்களுக்குச் சிரமம்?"

ஊர் மூன்றாவது கேள்விக்குக் காத்திருந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்சுவரைக் காட்டுவதற்காக அவருடைய வலது கை பாதி உயர்ந்துகூட விட்டது. இந்தக் கையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சாட்சியே; பெரியப்பா கேட்கத்தான் இருந்தார் என்ற என் வாதத்துக்கு வேறு ஆதாரம் இல்லை.

அங்கத்தினரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம். ஊருன்னா இப்படி இருக்கணும். காலையில அக்கரைக்குப் போனேன். வண்டிய விட்டு எறங்கல, அதுக்குள்ள கூரையில இருக்கற ஓட்டையெல்லாம் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. சரி, அவங்களுக்கே செஞ்சுடறேன். நீங்க இருக்கறத வெச்சு இவ்வளவு அழகா நடத்தறீங்களே!"

வில்வண்டி சாலையைத் தொட்டது.

"மூணாந்தடவ கேக்கலியே!" என்றார் பெரியப்பா. வண்டி போன திசையையே பார்த்தபடி மறுபடியும் சொன்னார்: "ரெண்டு தடவ கேட்ட மனுசன் மூணாந்தடவ கேக்காமயா போவான்?"

"டவுன்ல ஒரு தடவதாங்க கேப்பாங்க" என்றார் வாத்தியார். "இவரு ரெண்டு தடவ கேட்டாரே, அதுவே பெருசு."

"மோர மொதத் தடவயிலயே வாங்கினாரே, அப்பயே எனக்குச் சந்தேகந்தான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. வாழைமரத்தைத் தம் கையாலேயே அவிழ்த்து, பனந்துண்டைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். தம் செலவிலேயே சுவரைக் கட்டிவிடுவதாகச் சொன்னார். போர்டு கட்டடத்தில் கைவைக்க உத்தரவு வேண்டும் என்றார் வாத்தியார். உத்தரவு கேட்டு ஆள் போனது. உத்தரவு வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. தீபாவளி விடுமுறையில், உள்ளே எவரும் இல்லாத ஒரு பகலில், பின்சுவர் விழுந்தது. சேற்று நீரில் வெள்ளையடித்த கட்டிகள் கரைந்து, பால் கொட்டியதுபோல் தெருவெல்லாம் ஓடின. நாங்கள் அதில் குதித்து விளையாடினோம். அக்கா வரவில்லை.

பள்ளியை அக்கரையோடு சேர்த்தார்கள். அங்கே புதுச்சுவர், புது ஓடு, காற்றுக்கு இரண்டு ஜன்னல். நான் முதன்முதலாக ஓடை தாண்டிய காலையில், அக்கா தன் சிலேட்டைக் கோவை இலையும் கரியும் தேய்த்து நன்றாகக் கறுப்பாக்கி என் பையில் வைத்தாள். என்னுடையது ஓரம் உடைந்த சிலேட்டு. அதைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நீ எதுல எழுதுவே?" என்று கேட்டேன்.

"நல்லா சத்தமாப் படி. ஓடாதே" என்றாள்.

அவளுடைய முகம் வாடியிருந்ததைக் கண்டேன். பாடுபட்டு அமைத்த வரி சபையேறாமல் போன வருத்தம் என்று முடிவு செய்தேன். ஒரு பேச்சாளனுக்கு வேறென்ன வருத்தம் இருக்க முடியும்? அதைத் தீர்ப்பது என் கடமை எனப் பட்டது. தெருவில் சில அடி நடந்து திரும்பி நின்றேன். அவள் கற்பித்தபடியே, அவள் நிமிர்ந்து பார்க்கும் வரை பொறுத்திருந்து, ஊர் எல்லை வரை கேட்கும் குரலில் சொன்னேன்:

"அடுத்த வருசம் அவரு நம்ம புதுப் பள்ளிக்கூடத்துக்கு வருவாருல்ல, அப்ப அந்தக் கடைசி வரிய நான் கட்டாயம் சொல்லிடறேன்க்கா! நீ மொத வரிசையில உக்காந்து கேளு!"