ஐந்து பேரில் ஒருவன்

துபாய் தேராவில் இன்னும் ஓரிரு கடைகளில் ரஷ்ய எழுத்துப் பலகை தொங்குகிறது. வெளியே அந்த வெயில். உள்ளே ரோமக் கோட்டுகள். போன வாரம் ஒரு கடையின் கதவு திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. நான் நினைப்பில் பழைய லேபர் கேம்ப் அறைக்கே போய்விட்டேன்.

அங்கே என் பெட்டியில் அந்துருண்டைகளுக்கு நடுவே ரஷ்யக் குற்றக் கதைகளின் தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடந்தது. குற்றவாளி யாரென்று அந்தக் கதைகளில் முதலிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அவன் மனசே அவனைத் தின்னும். விசாரிக்க வருபவர் கையோங்கவே மாட்டார், சிரித்துப் பேசுவார். அந்தச் சிரிப்புதான் பயம்.

அறையில் ஆறு பேர். எலக்ட்ரீஷியன் பால்ராஜ், உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வெளியே ரகசியமாக வயரிங் வேலை பார்த்தான். யாரோ ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டார்கள். விசா கேன்சல். மிச்சம் ஐந்து பேர், ஒரே சட்டிச் சோறு. சொன்னது யார்?

நான் விசாரணை அதிகாரியாகிவிட்டேன். யார் சரியாகச் சாப்பிடவில்லை, யார் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எல்லாரும் சந்தேகப்பட்டது என்னைத்தான்.

“எந்நேரமும் புத்தகம் படிக்கிறவன நம்பக் கூடாதுல” என்றான் மாரியப்பன். காட்டிக்கொடுத்தவனை அதிகம் திட்டியவனும் அவன்தான். நான் ஒன்றும் செய்யாதவன். ஆனாலும் அதற்குப் பிறகு குழம்பு ஊற்றும்போது எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன். அதை அவர்கள் பார்க்கிறார்களே என்று மறுநாள் குறைத்து ஊற்றினேன்.

எனக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கவோ என்னவோ, மாரியப்பன் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். திட்டுவது மெல்ல நின்றது. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேட்டான்: “அண்ணாச்சி, இதுல எல்லாவனும் கடைசில ஒத்துக்கிடுதானே, ஏன்? யாரும் பிடிக்கலயே?”

அவன் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவனே சொன்னான். “நாந்தான் சொன்னேன். அவன் லீவு போட்டா அவன் டூட்டியும் என் தலையில விழுது. ஃபோர்மேன் ரெண்டு ஏச்சு ஏசுவான்னு நெனச்சேன். ஊருக்கே அனுப்பிட்டானுவ.”

யாரும் அடிக்கவில்லை. எங்களில் மூத்தவரான சங்கரபாண்டி அண்ணாச்சி ஊரிலிருந்த பால்ராஜை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மாரியப்பன் அழுதுகொண்டே மறுபடி முழுதும் சொன்னான்.

“அன்னைக்கே தெரியும்ல. நான் பையத் தூக்கிட்டுக் கிளம்பும்போது நீ ஒருத்தன்தான் என் மூஞ்சியப் பாக்கல” என்றான் பால்ராஜ். அப்புறம், “சரி, சாப்பிடு” என்று வைத்துவிட்டான். மாரியப்பன் சாப்பிடவில்லை. மறுமாதமே வேறு கேம்ப் கேட்டுப் போய்விட்டான்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது இருக்கும் கேம்பில் கட்டிலுக்குக் கட்டில் திரை, ஆளுக்கொரு போன், தனித்தனிப் பார்சல் சாப்பாடு. பக்கத்துக் கட்டில்காரனை இப்போது யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்படும் அளவுக்கு அவனை யாரும் பார்ப்பதும் இல்லை.