ஹாலந்தில் ஒரு கொல்லைவாசல்

நான் குடியிருக்கும் ஊரில் கப்பல்கள் என் தலைக்கு மேலே போகின்றன. கவிதையாகச் சொல்லவில்லை, கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறேன். காலையில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும்போது வலப்பக்கம் புல் முளைத்த உயரமான கரை ஒன்று கூடவே வரும். கரைக்கு அப்பால் ஆறு. நான் போகும் சாலையோ ஆற்று மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மணல் ஏற்றிய கப்பல் வந்தால் அதன் கொடியும், சன்னலில் வைத்த பூந்தொட்டியும், மேல்தளத்தில் கட்டிய கொடியில் காயும் சட்டைகளும் எனக்கு மேலே வானத்தில் நகர்ந்துபோகும். ஹாலந்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இன்னும் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறேன். பின்னால் வருகிறவர்கள் மணியடித்து முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். போகட்டும், அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்தவர்கள்.

இந்த முப்பது வருஷமும் ஊரிலிருந்து ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. கேட்பவர் என் அண்ணன் பக்கிரிசாமி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்களுடையது நாகப்பட்டினத்துக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை கிராமம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் மிராசுதார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டு வயலில் இறங்கினார்; என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பி நர்ஸாக்கினார். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக இங்கே வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, போனை எடுத்தால் அவருக்குச் சம்பளமும் தெரிய வேண்டாம், குளிரும் தெரிய வேண்டாம். "அங்க உன்ன எப்படி நடத்துறாங்க?" என்பார். "நல்லா நடத்துறாங்கண்ணே" என்பேன். "ம்" என்பார். அந்த 'ம்'மில் நம்பிக்கை இருந்ததில்லை.

நான் கெஞ்சிக் கூத்தாடி டிக்கெட் எடுத்து அனுப்பியபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. "நான் ஊர் சுத்திப் பாக்க வரல. உன்ன எப்படி நடத்துறாங்கன்னு பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லித்தான் விமானம் ஏறினார். ஏதோ பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதுபோல வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்துவைத்தேன். அண்ணன் தலையை ஆட்டிவிட்டால் போதும், இந்த நாட்டுக்கு நான் வந்தது சரிதான் என்று ஆகிவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே கரைமேல் ஏற்றி நிறுத்தினேன். ஒரு பக்கம் நிறைந்து ஓடும் ஆறு, மறுபக்கம் கீழே ஆழத்தில் மாடுகள் மேயும் புல்வெளி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்து கரை மண்ணைக் கிள்ளி முகர்ந்தார்.

"இது என்ன ஆறு?"

"ரைன் ஆத்தோட ஒரு கிளைண்ணே. எங்கயோ மலையில பொறந்து நாலஞ்சு நாட்டத் தாண்டி இங்க வந்து கடல்ல விழுது."

"அப்ப இதுவும் கடைமடைதானா?" என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு தேசமே கடைமடையாக இருக்க முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. மேல்மடைக்காரன் மிச்சம் வைத்தால்தான் நமக்கு என்று வாழ்ந்த மனிதர். கடைமடையில் இருந்துகொண்டே இப்படித் தெருவும் தோப்பும் கோபுரமுமாக வாழ்கிறார்களே என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அதன்பிறகு எனக்குக் கால் வலி, அவருக்கு அலுப்பே இல்லை. கௌடா நகரத்துத் தேவாலயத்தில் ஆளுயரத்தைப்போலப் பத்து மடங்கு எழும்பிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் காட்டினேன். வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த கல்தரையில் காலுறையோடு நடந்தார். அங்கே நடைபாதையே கல்லறைகள்தான். பெயர் பொறித்த கல்லின்மேல் கால் படாமல் தாண்டித் தாண்டிப் போனார். வெயில் திரும்பியபோது சிவப்பும் நீலமும் அவர் வேட்டியில் விழுந்தன. வேட்டியை விரித்துப் பிடித்து அந்த நிறங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தேவாலயத்தைத் தாண்டி நான் வாரம் இரண்டு முறை போகிறேன். ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் பழைய கடல்வரைபடம் ஒன்றில் நாகப்பட்டினத்தின் பெயர் இருந்தது. ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் நம் கடற்கரையை ஆண்டதன் அடையாளம். அண்ணன் கண்ணாடியின்மேல் விரலை வைத்து மேற்கே நகர்த்தினார், எங்கள் கிராமத்தைத் தேடி. காவலாளி ஓடிவந்தார். தொடக்கூடாது என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, இடம் கேட்கிறார் என்று நினைத்த அண்ணன், "இந்தா, இங்கதான் எங்க ஊரு" என்று விரலை இன்னும் அழுத்திக் காட்டினார். காவலாளியும் குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அண்ணனுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. "நம்ம ஊரு பேரு எந்த மேப்புலதான் இருக்கு" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்.

இத்தனைக்கு நடுவிலும் அவர் என்மேல் ஒரு கண் வைத்தே இருந்தார். டிக்கெட் கொடுக்கும் பெண் சிரித்தால், "என்ன சொல்லுறா?" என்பார். பேருந்தில் ஒருவன் எனக்கு இடம் விட்டால் அவனை ஏற இறங்கப் பார்ப்பார். நான் வேலை பார்க்கும் இடத்தில் பெரிய டாக்டர் எனக்குக் கைகொடுத்ததைப் பார்த்த அன்று மாலை இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கடலை மறித்துக் கட்டிய பெரிய அணைக்கரைக்கும் அழைத்துப்போனேன். முப்பது கிலோமீட்டருக்குமேல் நேர்கோடாக ஓடும் சாலை. இந்தப் பக்கம் உப்புக்கடல், அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஏரி. நடுவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், காற்றில் வேட்டி படபடக்க நின்றார். "அமுதா, மனுசன் நெனச்சா கடலையே நில்லுன்னு சொல்லலாம்போல" என்றார். எங்கள் ஊரில் ஐப்பசி மழைக்கு வடியாமல் நின்ற தண்ணீரில் அழுகிப்போன பயிர்களை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. கோட்டையில் திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, எங்கள் தெருமுனையில் செங்கொடி. மேடையில் எல்லாரும் சமம் என்று பேசிவிட்டுப் போவார்கள். விடிந்தால் மிராசுதார் வீட்டுக் கொல்லையில் நின்றுதான் கூலிநெல் வாங்க வேண்டும். முன்வாசல் பக்கம் எங்கள் ஆட்கள் தலைகாட்டக்கூடாது, அந்தத் தெருவில் செருப்புப் போடக்கூடாது. அந்த வருஷம் அறுவடைக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு யாரும் அரிவாளைத் தொடவில்லை. வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார்கள், அடிதடியாயிற்று. கடைசியில் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை, மிராசுதார் வீட்டிலேயே. எங்கள் தெருவிலிருந்து நாலு பேர். அப்பா ஒருவர், அவருக்குத் துணையாகப் பதினேழு வயது அண்ணன். வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை, "கொல்லப்பக்கமா சுத்தி வாங்கடா" என்றார். மற்ற மூன்று பேரும் போனார்கள், அப்பாவும் போனார். அண்ணன் மட்டும் முன்வாசலுக்கு நேரே தெருவில் நின்றுவிட்டார். "பேசக் கூப்பிட்டா வாசல் வழியாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை வெயிலில் நின்றாராம். கூலி கொஞ்சம் கூடியது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை. அம்மா குத்தாலம் பக்கம்வரை நடந்துபோய்க் கதிர் அறுத்தாள். அன்றைக்கு அண்ணன் வாயால் சொன்ன சபதம்: இனி எவன் வீட்டுக்குள்ளும் கொல்லைவழியாக நுழைய மாட்டேன். பிறகு உச்சவரம்பு நிலத்தில் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது, தெருவுக்கு வாசல் வைத்த வீடு வந்தது. சபதம் மட்டும் மாறவில்லை. பெண் எடுத்த வீட்டிலேயே, வயலிலிருந்து வந்தால் கொல்லை பத்தடி தூரம்தான், மனிதர் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவார். மாமியார் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள்.

ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது, கிண்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தார். உள்ளே போய், ஓடும்போது பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். ஹென்ட்ரிக்கிடம் அழைத்துப்போனேன். ஓய்வுபெற்ற விவசாயி. ஊர்ப் பொதுக் காற்றாலை ஒன்றை ஆசைக்காக ஓட்டுகிறவர். அவர் காலில் இருந்த ஆறாத புண்ணுக்கு நான்தான் எட்டு வருஷம் கட்டுப் போட்டேன். அவரும் அவர் மனைவி மாரெய்கேயும் எனக்கு இந்த நாட்டில் உறவு மாதிரி.

ஹென்ட்ரிக் கயிற்றை அவிழ்த்ததும் இறக்கைகள் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கின. உள்ளே ஆளுயர மரப் பற்சக்கரங்கள், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு. கீழே ஒரு பெரிய மரச்சக்கரம் வயல் வாய்க்காலின் தண்ணீரை அள்ளி மேலே இருக்கும் வாய்க்காலில் ஊற்றுகிறது. அண்ணன் குனிந்து அந்தத் தண்ணீரில் கைவைத்தார். இரண்டு விவசாயிகளுக்கும் பொதுவான மொழி கிடையாது. மழை எவ்வளவு, மண் எப்படி, கரை உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று அரைமணி நேரம் கையாலேயே பேசித் தீர்த்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமாக அண்ணனை நான் பார்த்ததே இல்லை.

காபி குடிக்க வீட்டுக்கு வாருங்கள் என்றார் ஹென்ட்ரிக். பக்கத்திலேயே அவருடைய முந்நூறு வருஷத்துப் பண்ணைவீடு. நட்டநடுவில் கரும்பச்சை முன்கதவு, மேலே செதுக்கிய மரப்பூ, பித்தளைக் கைப்பிடி, கீழே நீலக்கல் படி. அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு படியை நோக்கி நடந்தார். ஹென்ட்ரிக் கையை வீசி, "ஆஹ்தெரோம், ஆஹ்தெரோம்" என்றபடி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பின்னால் வாங்க என்று அர்த்தம். நானும் பழக்கத்தில் கூடவே நாலடி வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் படிக்கு முன்னால் அசையாமல் நிற்கிறார்.

"எங்க போற?"

"பின்னாடி வழியாப் போவோம்ணே. இங்க எல்லாரும்…"

"எட்டு வருசமா இப்படித்தான் கொல்லப்பக்கமாப் போயிட்டு வர்றியா?"

எட்டு வருஷமாக வாரம் மூன்று நாள் அந்த வழியாகத்தான் போயிருக்கிறேன். ஒருநாள்கூட அது கொல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

"அண்ணே, இது இவங்க ஊர் வழக்கம். முன்கதவ கல்யாணத்துக்குப் பொண்ணு உள்ள வர்றப்பவும், பொணம் வெளிய போறப்பவும் மட்டும்தான் திறப்பாங்க. பின்பக்கம்தான் வீட்டு மனுசங்க வர்ற வழி. ஹென்ட்ரிக்கே அப்படித்தான் போறார், பாருங்க."

"காரணம் நம்மூர்லயும் சொன்னாங்க" என்றார். சத்தம் போடவில்லை. "நல்லா நடத்துறாங்கன்னு முப்பது வருசமா சொன்னியே தங்கச்சி."

ஹென்ட்ரிக் திரும்பி வந்தார். அண்ணனுக்குக் கால் வலியா, இல்லை நாய்க்குப் பயமா என்று என்னைக் கேட்டார். மழுப்பியிருக்கலாம். ஆனால் சொன்னேன். கொல்லையில் நின்று வாங்கிய நெல்லை, தெருவில் நின்ற பதினேழு வயதுப் பையனை, குத்தாலம்வரை நடந்த அம்மாவை. இந்த முப்பது வருஷத்தில் டச்சு மொழியில் நான் யாரிடமும் சொல்லாத கதை அது. ஹென்ட்ரிக் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கதவை ஒருமுறை பார்த்தார். "என் அம்மாவின் சவப்பெட்டி போன பிறகு அதைத் திறக்கவில்லை. பிடித்துப்போயிருக்கும். கொஞ்சம் நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் பின்வழியாக உள்ளே போனார்.

உள்ளே அலமாரியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல். கதவு உள்ளிருந்து அதிர்ந்தது, பச்சைப் பெயின்ட் செதில் செதிலாகப் படியில் உதிர்ந்தது. தூறல் போடத் தொடங்கியும் அண்ணன் குடையை விரிக்கவில்லை. நான் சொன்னதையும் ஹென்ட்ரிக் சொன்னதையும் அவரிடம் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே கதவையே பார்த்தார். கால்மணி நேரம் கழித்து, பெரிய கிறீச்சொலியோடு அந்தக் கதவு திறந்தது. கையில் கடப்பாரை, தலைமுடியெல்லாம் ஒட்டடை, மூச்சிரைக்க ஹென்ட்ரிக் நின்றார். ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணன் குனிந்து ஷூவைக் கழற்றப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நிமிர்ந்துவிட்டார். "பொணம் போன வாசல்ல உசுரோட நுழையிற மொத ஆளு நான்தான்போல" என்றார். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. ஹென்ட்ரிக் தோளில் ஒரு கையை வைத்து, ஷூவோடு, அந்த நீலக்கல் படியேறி உள்ளே போனார். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே போனவர் வாசலுக்குத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன நிக்கிற? வா, இந்த வழியா வா."

அதே நேரம் வீட்டின் பின்பக்கத்திலிருந்து மாரெய்கே எட்டிப் பார்த்தாள். "நீ ஏன் அங்கே நிற்கிறாய்? அந்த வாசல் விருந்தாளிக்காகத் திறந்தது. நீ இந்த வீட்டுப் பெண், இப்படி வா, காபி ஆறுகிறது" என்று டச்சில் கத்தினாள்.

முன்வாசலில் ஏறினால் இன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான் விருந்தாளி. பின்பக்கம் போனால், என் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, கொல்லைவழியாகப் போகிறேன். வீட்டின் மூலையில், இரண்டு பேருக்கும் தெரிகிற இடத்தில், மழையில் நனைந்துகொண்டு நின்றேன். "இதோ வர்றேன்" என்று சத்தமாகக் குரல் கொடுத்தேன். இரண்டு பேருமே சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார்கள். அதைத் தமிழில் சொன்னேனா, டச்சில் சொன்னேனா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.