தொண்ணூற்றை விழுங்கிய படம்

எண்பதுகளில் நான் பெரம்பலூரில் டாக்டர். கோபக்காரி என்று பெயர். எதிர்க்கேள்வி கேட்கும் நோயாளிகள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு வழவழப்பான அட்டையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மருந்துக் கம்பெனியின் மெடிக்கல் ரெப் கொடுத்துவிட்டுப் போன விளம்பர அட்டை அது. நெஞ்சுவலி வராமல் தடுக்கும் மாத்திரையாம். அதில் ஒரு வரைபடம். மாத்திரை சாப்பிடாமலே தப்பித்தவர்களுக்கு ஒரு குட்டைக் கம்பம். சாப்பிட்டுத் தப்பித்தவர்களுக்கு அதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொன்று. மருத்துவமனையில் இருந்த மூன்று டாக்டர்களும் நல்ல மருந்து என்றோம். அந்த வாரமே அரும்பாவூரில் இருந்த அப்பாவுக்கு ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு நெஞ்சுவலி வந்ததே இல்லை. ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் தொடையெல்லாம் வலி. வரப்பில் நடக்க முடியவில்லை. வயலுக்குப் போகாத அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டிலே கதி என்று கிடந்தார்.

"நிறுத்திடவா பாப்பா?"

"நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவீங்க? பேசாம முழுங்குங்க" என்று சீறினேன்.

என் கணவர் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டை அவர் கண்ணில் பட்டது.

"டாக்டரம்மா, இதுல அளவே தொண்ணூறுலதான் ஆரம்பிக்குது. அடியில இருந்த தொண்ணூறும் எங்க போச்சு?"

பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, அதே அளவில் கம்பங்களைக் கீழே நீட்டத் தொடங்கினார். ஒட்ட ஒட்ட, தாள் பீரோ உச்சியிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு கம்பங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். மாத்திரை இல்லாமல் தப்பித்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர், மாத்திரையோடு தொண்ணூற்று நான்கு பேர்; கூடுதல் இரண்டே பேர். அட்டையில் பொய் எதுவும் இல்லை. எண்கள்கூடப் பொடி எழுத்தில் இருந்தன, நான் படித்தும் இருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தாளைச் சுருட்டிக்கொண்டு போய், மருந்தின் பெயரைச் சொல்லாமல் மற்ற இரண்டு டாக்டர்களிடமும் காட்டினேன்.

"இதுக்குப் போயி தினம் ஒரு மாத்திரையா?" என்றார்கள், அதே மாத்திரையைப் புகழ்ந்தவர்கள். ஏமாந்தது நான் மட்டுமில்லை என்று கொஞ்சம் நிம்மதி.

அடுத்த பஸ்ஸில் அரும்பாவூர் போனேன்.

"நூறு பேரு சாப்பிட்டா ரெண்டு பேருக்குத்தாம்ப்பா பலன். அந்த ரெண்டு பேர்ல நீங்களும் இருக்கலாம்."

"மிச்சப் பேருக்கு?"

"சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஒண்ணுதான்."

"அப்ப நான் வயலுக்குப் போறேன்" என்றார். முதல் நாளே அவரிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. அந்த இரண்டு பேரில் அப்பாவும் ஒருவரோ? கொல்லைப் பக்கம் ஓடினேன். முழங்கால் வரை சேற்றோடு அப்பா வந்துகொண்டிருந்தார்.

"எப்ப வந்த பாப்பா? ஏன் ஒரு மாதிரியா இருக்க? ஒடம்பு சரியில்லையா?"

அப்பாடா என்று அவர் கட்டிலில் போய் நான் படுத்துக்கொண்டேன்.