படகுக்கு வைத்த பேர்

எங்கள் குப்பத்தில் தேன்மொழி என்றால் படகு. என் மாமாவின் படகு. வேறு தேன்மொழி எங்களுக்குத் தெரியாது. "தேன்மொழி வந்துட்டாளா?" என்று கரையில் ஒருத்தி கேட்டால், "அவ எப்பவோ வந்து தூங்கறா" என்று இன்னொருத்தி கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள். "நேத்து தேன்மொழிக்கு ஒடம்பு சரியில்ல, மெக்கானிக்கு வந்து பாத்துட்டுப் போனான்" என்பார்கள். வெளியூரிலிருந்து மீன் வாங்க வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, யாரோ வீட்டுப் பெண்ணைப் பற்றி இப்படிக் கூசாமல் பேசுகிறார்களே என்று முழிப்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பழவேற்காட்டுக் கரையில் படகுக்குச் சாமி பேர் வைப்பார்கள், இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையின் பேர் வைப்பார்கள். என் மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார். கல்யாணம் ஆகி வருஷக்கணக்காகியும் அவர் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. ஆனாலும் அவருடைய பைபர் படகின் முன்பக்கத்தில், சிவப்புப் பெயின்டில், பெரிய பெரிய எழுத்தில் ஒரு பெண்பிள்ளையின் பேர் இருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் மற்றவர்கள் வலையைப் பழுது பார்த்தால் இவர் முதலில் அந்த எழுத்துக்குத்தான் பெயின்ட் அடிப்பார். ஏன் அந்தப் பேர் என்று நான் கேட்டதே இல்லை. கடலுக்குக் கடல் என்று ஏன் பேர் என்று யாராவது கேட்பார்களா?

நான் நாலாவது படிக்கும்போது மாமாவின் மனைவி, என் அத்தை, முழுகாமல் இருந்தாள். அத்தனை வருஷம் கழித்து! அத்தை ஒரு குடம் தண்ணீரைத் தூக்க அம்மா விடவில்லை. மாமா பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் மிட்டாய்ப் பொட்டலம். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். கரை முழுக்க ஓடி ஓடி, "தேன்மொழி பொறந்துட்டா! தேன்மொழி பொறந்துட்டா!" என்று எல்லோர் வாயிலும் மிட்டாயைத் திணித்தார். வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "இன்னாடா, ரெண்டாவது படகு வாங்கிட்டியா?" என்று கேட்டார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பெல்லாம் அத்தை பிள்ளையோடு வீட்டுக்கு வருகிற வரைக்கும்தான். வந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டாள், அந்தப் பேர் வேண்டாமென்று.

மாமா கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பிள்ளையை "தேன்மொழி, தேன்மொழி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "தேன்மொழி பால் குடிச்சாளா?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் "தேன்மொழிக்கு டீசல் ஊத்தணும்" என்று கிளம்புவார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. அவர் அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளில், அப்பாவோடு கூடப் பிறந்தவள்தான் பிள்ளையின் காதில் மூன்று தரம் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்றக் கூடாது. அந்த வகையில் மாட்டிக்கொண்டவள் என் அம்மா.

முதலில் மாமா வந்தார். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, நீ பாட்டுக்கு தேன்மொழின்னு சொல்லிடு. அவ கத்துனா கத்திட்டுப் போறா. அவளேதான்க்கா திரும்பி வந்துகிறா. மூக்கப் பாரு, நெத்தியப் பாரு" என்றார். அம்மா அடுத்த இறாலை எடுத்து உரித்தாள். அவர் போன கொஞ்ச நேரத்தில் அத்தை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி, உன் கால்ல வேணா வுழறேன். அந்தப் பேர மட்டும் சொல்லிடாத. மண்ணாங்கட்டின்னு வெச்சாக்கூடச் சரி. அவ வேற, இவ வேற அண்ணி" என்றாள். சொல்லிவிட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படகு வேறு, பிள்ளை வேறு. இது யாருக்குத்தான் தெரியாது? இதற்கா இத்தனை அழுகை?

குப்பத்துப் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாகரிகமாகப் பேர் வைக்க அத்தைக்கு ஆசை என்றாள் ஒருத்தி. படகின் ராசி பிள்ளைக்குப் போய்விட்டால் படகு வெறும் வலையோடு திரும்புமே என்று அவள் பயப்படுகிறாள் என்றாள் இன்னொருத்தி. எனக்கு இந்த இரண்டாவது நியாயமாகத் தோன்றியது. நான் மாமா கட்சி. அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் பாத்திரங்களை ணங் ணங்கென்று வைத்தாள். "ரெண்டு பேரும் என் தலைய உருட்டறாங்க" என்று என் நைனாவிடம் முறையிட்டாள். எந்தப் பேரைச் சொன்னாலும் ஒருத்தர் உடைந்து போவார்கள் என்பதுதான் அவள் கவலை. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. அத்தையும் அவளுக்குத் தங்கச்சி மாதிரிதான்.

பேர் வைக்கிற நாளும் வந்தது. வாசலில் பந்தல், அத்தையின் கல்யாணப் புடவையில் தொட்டில். அன்று மாமா தொழிலுக்குப் போகவில்லை. தேன்மொழியை நன்றாகக் கழுவி, மூக்கில் சாமந்தி மாலை போட்டு, கரையோரமாகக் கட்டியிருந்தார். எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. பாயசம் கொதிக்கிற வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிருந்தது. மாமா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அத்தை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தம்பியை ஒரு தரம் பார்த்தாள், அத்தையை ஒரு தரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள், ஆனால் பேர் வரவில்லை.

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. "யோவ், தேன்மொழி போறாய்யா! தேன்மொழி அறுத்துக்கினு போறா!"

காலையிலிருந்தே மேற்கத்திக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்குகிற நேரம் வேறு. கயிறு அறுந்த படகு அந்த ஓட்டத்தில் மாட்டினால் நேராக முகத்துவாரத்து அலையில் போய் விழும், விழுந்தால் சுக்குநூறுதான். மாமா எழுந்தார். மடியிலிருந்த பிள்ளையை எதிரில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நீட்டினார். எதிரில் அம்மாவை ஒட்டி இருந்தது நான். பட்டு வேட்டியை மடித்துக்கூடக் கட்டாமல் ஓடினார். ஆம்பளைகள் எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். அம்மா வாசலுக்குப் போனாள். பேர் வேண்டாம் என்று சண்டை போட்ட அத்தை இருக்கிறாளே, அவளும் வாசற்படிக்கு ஓடி, நிலையைப் பிடித்துக்கொண்டு, படகு போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அய்யோ புடிங்களேன், யாராவது புடிங்களேன்" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

உள்ளே நானும் பிள்ளையும் மட்டும். அது வீறிட்டு அழுதது. ஆட்டினேன், ஊதினேன், நாக்கைத் துருத்திக் காட்டினேன், என்னென்னவோ செய்தேன். அது என் பட்டுப் பாவாடையில் ஒன்றுக்குப் போய்விட்டு இன்னும் பலமாக அழுதது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

வெளியில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். வேறொரு படகைக் கிளப்பிக்கொண்டு நாலு பேர் போனார்களாம். மாமா அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை, அப்படியே குதித்து நீந்தியிருக்கிறார். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தேன்மொழியின் கயிற்றைப் பிடித்து, மேலே ஏறி, இஞ்சினைப் போட்டுத் திருப்பிவிட்டார். படகுக்குக் கீறல்கூட இல்லை. பட்டு வேட்டி மட்டும் கடலோடு போய்விட்டது.

யாரோ கொடுத்த லுங்கியைச் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட அவர் வீட்டுக்குள் வந்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தது. நான் பொறுத்தது போதும் என்று பிள்ளையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இன்னா மாமா நீ! பாப்பா அழுது அழுது தொண்டயே கட்டிக்கிச்சு. இத வுட்டுட்டு தேன்மொழி பின்னால ஓடிட்டியே!"

கூட்டம் இன்னும் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். அதற்கு அழக்கூடத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருந்தது. சட்டென்று அவர் முகம் கோணிக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி ஈர மார்போடு அணைத்துக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தார். பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தண்ணீரில் எங்கேயோ அடிபட்டுவிட்டது போல என்று நினைத்தேன். பாவாடைக் கோபமெல்லாம் போய் எனக்கும் அழுகை வந்தது.

அத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

"நீயே சொல்லு. இவ பேரு இன்னா?" என்று மாமா கேட்டார்.

"வினோதினி" என்றாள் அத்தை, கேட்ட உடனே. அத்தனை நாளும் அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா குனிந்து மூன்று தரம் சொன்னாள். மூன்றும் வாசல் வரைக்கும் கேட்டது. ரெண்டாவது படகா என்று கேட்ட தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. அவர் விநாயகம் என்றே கூப்பிட்டார்.

போன வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. வினோதினி கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் பிள்ளையைக் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள். பேர் வைப்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே இழுபறி. எங்கள் கத்தலைக் கேட்டுக்கொண்டே பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்த அம்மா, அன்றைக்குத்தான் எனக்கு அதைச் சொன்னாள்.

நான் தவழ்கிற வயதில் அத்தைக்கு முதலில் ஒரு பெண் பிறந்திருக்கிறது. நிறைமாதப் பிள்ளைதான், பொழுது சாய்கிற வரைக்கும்கூட இருக்கவில்லை. வயிற்றில் இருக்கும்போதே மாமா அதற்குப் பேர் வைத்துவிட்டார். தினமும் அத்தையின் வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தேன்மொழி, தேன்மொழி என்று கூப்பிடுவாராம். பிள்ளை போன பிறகு, அந்தப் பேர் தெரிந்த வீட்டு ஆட்கள் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை, சொன்னால் அவர்களுக்கு வலிக்குமே என்று. மாமாவால் மற்றதையெல்லாம் தாங்க முடிந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. கடனை உடனை வாங்கிப் படகு எடுத்ததும் அந்தப் பேரை எழுதினார். ஊரே ஒரு நாளைக்குப் பத்து தரமாவது அவளைக் கூப்பிடட்டும் என்றுதான். கூப்பிட்டார்கள். நானும்தான் கூப்பிட்டேன், வாய் ஓயாமல்.

இதைக் கேட்டதும் என் பிள்ளையை அம்மாவின் காலிலிருந்து எண்ணெயோடு எண்ணெயாக வாரி எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் பேர் வைத்த நாளின் சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

அன்று கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அத்தை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். தேன்மொழியைப் புதுக் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி, பிள்ளையின் கையைப் பிரித்து, அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் வைத்தாள்.

"தோ பாரு, உன் தங்கச்சி. வினோதினின்னு பேரு" என்றாள் படகிடம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தையும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் வீடு வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினேன். எங்கள் வீட்டில் அம்மா, நைனா, மாமா மூன்று பேரும் மீந்த பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க, கையை ஆட்டி ஆட்டி, அத்தை படகோடு பேசியதை அப்படியே நடித்துக் காட்டினேன். "படகுக்குத் தங்கச்சியாம்!" என்றேன்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் நன்றாக, நடித்துக் காட்டினேன். மாமா தன் டம்ளரில் இருந்ததை என் டம்ளரில் ஊற்றிவிட்டு எழுந்து கரைப் பக்கம் போனார். அவ்வளவு நல்ல தமாஷுக்கு ஏன் யாருமே சிரிக்கவில்லை என்று பாயசத்தைக் குடித்துக்கொண்டே யோசித்தேன்.